ஒரு சந்தா, வீட்டில் பல கணினி

வீட்டில் மூன்று நான்கு கணினி இருந்தால், ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் ஹோம் 2024 (வேர்ட், எக்செல் போன்றவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) கட்டுப்படியாகாது. அது ஒரே கணினிக்குத்தான். மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி சந்தா எடுங்கள்: உங்களையும் சேர்த்து 6 பேர், ஆளுக்கு 1 டிபி (டெராபைட்) ஒன்டிரைவ் எனும் இணையச் சேமிப்பிடம், ஆளுக்கு ஒரே நேரத்தில் 5 சாதனங்கள்.

பலரும் சறுக்குவது இங்கேதான்: அப்பாவின் கடவுச்சொல்லையே எல்லாக் கணினியிலும் போட்டுவிடுகிறார்கள். 6 டிபி 1 டிபியாகச் சுருங்கும். மகள் ஒன்டிரைவில் அழித்த கோப்பு அப்பாவின் கணினியிலும் காணாமல் போகும் (மறுசுழற்சித் தொட்டியில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்).

சந்தா வாங்கியவர் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் பகிர்வு பகுதிக்குப் போய், ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்ப வேண்டும். அவரவர் தம் சொந்தக் கணக்கில் அதை ஏற்று, வேர்டிலும் அதே கணக்கில் நுழைய வேண்டும். பழைய கணினியை விற்கும் முன் அதிலிருந்து வெளியேறிவிடுங்கள்.