சட்டையைத் தட்ட ஏர் கன் எதற்கு?

மதுரை கே.புதூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். புதிதாக வரும் பையனுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஏர் கன்னைப் பற்றித்தான், அதாவது கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சித் தூளை ஊதித் தள்ளும் கைக்கருவி. லேத்தில் இரும்பைக் கவ்விச் சுற்றுகிற சக்கைப் பார்த்தால் யாருக்கும் தன்னால் பயம் வரும். காற்றுக்கு யாரும் பயப்படுவதில்லை.

சாயங்காலம் வேலை முடிந்ததும் சட்டையில் ஒட்டிய இரும்புத் தூளைப் போக்க ஏர் கன்னைத் தன் மேலேயே திருப்பிக்கொள்வார்கள். என் பட்டறையிலும் ஒருவர் அப்படிச் செய்தபோது, பக்கத்தில் நின்ற பையனின் கருவிழியில் மயிரிழைத் துணுக்கு ஒன்று குத்திவிட்டது. கண் மருத்துவமனையில்தான் எடுத்தார்கள். அன்றைக்கே வாசலில் ஒரு பிரஷைத் தொங்கவிட்டேன். சட்டைக்கு அதுதான்.

கம்ப்ரசர் டேங்கில் காற்று 8 கிலோ அழுத்தத்தில், அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ என்ற அளவில், இருக்கும். கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் போதும், காற்று தோலுக்குள் புகுந்துவிடும். அந்த இடம் உப்பி, அமுக்கினால் நறநறக்கும். காற்று ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. விளையாட்டுக்குக் கூட்டாளியின் பின்பக்கம் ஹோஸை, அதாவது காற்று வரும் குழாயை, வைத்துக் குடல் கிழிந்து இறந்தவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. உடுத்தியிருக்கும் துணி அந்தக் காற்றைத் தடுக்காது. இந்த ஒரு விஷயத்தில் என்னிடம் மன்னிப்பே கிடையாது. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவேன்.

சரி, எப்படித்தான் பயன்படுத்துவது? இரும்புச் சுருளையும் தூளையும் முதலில் கொக்கியாலும் பிரஷாலும் எடுங்கள். மூலை முடுக்கில் மிச்சம் இருப்பதற்கு மட்டும் காற்று. காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை 2 கிலோவுக்குக் குறையுங்கள். சுத்தம் செய்ய 30 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தம்) மேல் கூடாது என்பது அமெரிக்கத் தொழிலக விதி. அது ஏறக்குறைய இதே அளவுதான். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி போடுங்கள், காதையும் அடைத்துக்கொள்ளுங்கள். எதிரே ஆள் இல்லாத பக்கமாக ஊதுங்கள்.

ஹோஸைக் கழற்றும்போது அவசரம் வேண்டாம். வால்வை மூடி, கன்னை அமுக்கி மிச்சக் காற்றை வெளியேற்றிய பிறகே கழற்ற வேண்டும். ஹோஸை மடக்கிப் பிடித்துக் காற்றை நிறுத்துகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். கை நழுவினால் ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளி முகத்தில் அடிக்கும். இணைப்பில் கட்டுக்கம்பி சுற்றாமல் கிளாம்ப் போடுங்கள்.

அப்புறம், தினமும் டேங்க் அடியில் இருக்கும் டிரெயின் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். அது செம்மண் நிறத்தில் வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. ஆளைக் கூப்பிட்டுச் சோதிக்கும் வரை கம்ப்ரசரை ஓட்டாதீர்கள்.