சவுக்குக் குச்சியும் வேர் ஹார்மோனும்: கணக்கில் சறுக்கும் இடங்கள்

சவுக்கின் நுனிக்குச்சியை வெட்டி, அடியை ஐபிஏ (வேர்விடத் தூண்டும் ஹார்மோன்) பவுடரில் தொட்டு, வெர்மிகுலைட் நிரப்பிய ட்ரேயில் நட்டு, ஈரம் காயாமல் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைக்கிறோம். சில வாரம் கழித்து ஒவ்வொன்றாக உருவி வேர் பார்க்கிறோம். இதுவரை எல்லோரும் கவனமாகத்தான் செய்கிறார்கள். அத்தனை உழைப்பும் வீணாவது அதற்கப்புறம், கணக்குப் போடும்போதுதான்.

ஆகப் பெரிய தவறு, குச்சிகளை எண்ணும் விதத்தில் இருக்கிறது. 1000 பிபிஎம்முக்கு ஒரு ட்ரே, 2000-க்கு ஒரு ட்ரே (அதாவது கிலோ டால்க்குக்கு 2 கிராம் ஐபிஏ), ட்ரேக்கு 30 குச்சி. ஆய்வேட்டில் ‘30 ரிப்ளிகேஷன்’ (தனித்தனியாக 30 முறை செய்த சோதனை) என்று எழுதிவிடுகிறார்கள். அந்த 30 குச்சிக்கும் ஒரே நிழல், ஒரே தண்ணீர். மேலே ஒரு நாசில் அடைத்துக்கொண்டால் மொத்த ட்ரேயும் வாடும், பழி ஹார்மோன் மேல் விழும். இதற்கு ‘போலிப் பிரதி’ என்ற பொருளில் 1984-ல் பெயர் வைத்தவர் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட். ஒரே ட்ரே குச்சிகளுக்குள் ஒட்டுறவு (ஒன்றைப்போல் மற்றதும் நடக்கும் போக்கு) வெறும் 0.1 என்றே வையுங்கள். ஒரு குச்சியோடு மற்ற 29-இன் ஒட்டுறவையும் கூட்டினால் 1 + 29 × 0.1 = 3.9. முப்பதை 3.9-ஆல் வகுத்தால் எட்டுகூடத் தேறாது. 30 குச்சி நட்டும் கையில் இருப்பது 8 குச்சிக்கான தகவல்தான்!

ஆகவே ஒவ்வொரு அளவுக்கும் பல ட்ரேக்கள் வைத்து, கூடாரத்துக்குள் இடம் மாற்றிக் கலந்து அடுக்குங்கள். புள்ளியியல் மாடலில் ட்ரேயை ரேண்டம் எஃபெக்டாக (ட்ரேக்கு ட்ரே தற்செயலாக வரும் வேறுபாடாக) சேருங்கள். ஒரு அளவுக்கு ஒரே ட்ரே என்றால் எந்த மாடலாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

வேர் விட்டதா இல்லையா என்பது ஆம்/இல்லை விவரம். அதைச் சதவீதமாக்கி நேர்கோட்டு ரெக்ரஷனில் போட்டால், ‘110 சதவீதம் வேர்விடும்’ என்றுகூட விடை வரும். விடையை 0-க்கும் 100 சதவீதத்துக்கும் இடையிலேயே நிறுத்தும் லாஜிஸ்டிக் மாடல்தான் சரி. அதிலும் ஹார்மோன் அளவை நேர்கோடாக விடாதீர்கள். ஹார்மோன் கூடக்கூட வேர் கூடும், ஒரு கட்டத்துக்குமேல் அடி கறுத்து அழுகும். அந்த வளைவுக்கு மாடலில் இடம் வேண்டும்.

வேர் எண்ணிக்கையில் இன்னொரு குழி இருக்கிறது. அளவுக்கு 20 குச்சி நட்டதில் முதல் அளவுக்கு 10 வேர்விட்டன, ஒவ்வொன்றிலும் 6 வேர். இரண்டாம் அளவுக்கு 18 வேர்விட்டன, ஒவ்வொன்றிலும் 4. வேர்விட்டவற்றுக்கு மட்டும் சராசரி எடுத்தால் 6-க்கு 4, முதலாவது ஜெயிக்கிறது. எல்லாக் குச்சிக்கும் எடுத்தால் 3-க்கு 3.6, இரண்டாவது ஜெயிக்கிறது. நாற்றங்கால்காரருக்கு வேண்டியது 18 செடி. எனவே ‘வேர்விட்டதா’, ‘விட்டால் எத்தனை’ என இரண்டு கேள்வியையும் தனித்தனியாக மாடல் செய்யுங்கள். செத்த குச்சிகளை அட்டவணையிலிருந்து நீக்கவே நீக்காதீர்கள். அழுகியதும் ஹார்மோன் தந்த பதில்தானே? அடியில் வெறும் கேலஸ் (வேராக மாறாத திசுத் திரள்) கட்டி வெள்ளையாகத் திரண்டு நிற்பதை வேராக எண்ணுவதும் கூடாது.

ஹார்மோன் போடாத ட்ரேக்களில் ஒன்றுகூட வேர்விடவில்லை என்றால் லாஜிஸ்டிக் மாடல் திணறும். கெழு (ஹார்மோன் விளைவுக்கு மாடல் தரும் எண்) எங்கோ ஓடும், பிழை அளவு பூதாகரமாகும், ‘வித்தியாசம் இல்லை’ என்று பி-மதிப்பு (வித்தியாசம் தற்செயலா என்று பார்க்க உதவும் எண்) சொல்லும். அதை நம்பி ஹார்மோனைக் கைவிட்டுவிடாதீர்கள். கெழு இப்படி ஓடாமல் பிடித்துவைக்கப் புள்ளியியலாளர் டேவிட் ஃபர்த் 1993-ல் தந்த திருத்தத்தைப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள்.