ஒரு தெரு, மூன்று புத்தகம்: வடசென்னையிலிருந்து வாசிக்கத் தொடங்குவோருக்கு

"நிறைய வாசிக்கணும், எதிலிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவரிடம் வழக்கமாக நூறு புத்தகப் பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். பட்டியல் நல்லதாகவே இருக்கும். ஆனாலும் மூன்றாவது புத்தகத்தோடு ஆள் நின்றுவிடுவார். பட்டியலில் உள்ளவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை. ஒவ்வொரு தடவையும் புது ஊர், புதுக் காலம், புது ஆட்கள் என்று முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. களைத்துப்போவது இயல்புதான்.

இங்கே சொல்லப்போகும் முறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று வகையில் படிக்கிறோம்: ஒரு நாவல், ஓர் ஊர் வரலாறு, ஒரு வாழ்க்கை வரலாறு. நாவலில் பார்த்த தெரு வரலாற்றில் திரும்ப வரும். வரலாற்றில் ஒரே வரியில் கடந்துபோன மனிதர் வாழ்க்கை வரலாற்றில் 300 பக்கம் உட்கார்ந்து பேசுவார். பாரிமுனைக்கும் எண்ணூருக்கும் நடுவில் குடியிருப்பவருக்கு இது இன்னும் எளிது. பாதி இடங்களைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும்.

முதல் படி: பிடிமானம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

"வடசென்னை வரலாறு" என்று தொடங்காதீர்கள், கைக்குள் அடங்காது. ஒரு கட்டடம், ஓர் ஆண்டு, ஒரு தெரு போதும். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏழுகிணறு பக்கம் வாழ்ந்து, கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் பாடிய வள்ளலாரை (1823–1874) எடுக்கலாம். 1923 மே 1 அன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிர்க் கடற்கரையில் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் நடத்திய மே தினக் கூட்டத்தை எடுக்கலாம்.

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்வது 1921-இல் பெரம்பூர் பக்கத்து பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில், அதாவது பின்னி மில்லில், நடந்த வேலைநிறுத்தம். மூன்று வகைப் புத்தகமும் மூன்று விதமாகப் பேசும் சம்பவம் இது. பழகுவதற்கு இதைவிட நல்ல களம் கிடைப்பது கடினம்.

இரண்டாம் படி: மூன்று புத்தகங்களைத் தேடுங்கள்

நாவல் அதே சம்பவத்தைப் பற்றியதாக இருக்க வேண்டியதில்லை. மில், துறைமுகம், மீன்பிடிப்பு, ரயில்வே என்று ஏதோ ஒரு தொழில் ஒட்டினாலும் சரி. பழைய சென்னையில் நடக்கும் துப்பறியும் கதையானாலும் சரி. மாத நாவலும் தொடர்கதையும் தரம் குறைந்தவை என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். பக்கத்தைத் திருப்ப வைக்கும் பழக்கத்தை முதலில் ஏற்படுத்துவது அவைதான். அந்தப் பழக்கம் இல்லாமல் கனமான வரலாற்று நூலுக்குள் யாரும் போக முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கத்தியும் ரவுடியும் தவிர வடசென்னையில் வேறு எதையும் பார்க்காத நாவலாக இருந்தால், அதோடு படிக்கும் வரலாற்று நூலில் சங்கம், படிப்பகம், கோயில், பள்ளி பற்றிய பகுதிகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பகுதிக் கிளை நூலகம். முகவரிச் சான்றும் சிறிய காப்புத்தொகையும் கொடுத்து உறுப்பினர் ஆகிவிடலாம். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள். கிளையில் நாவல் தாராளமாகக் கிடைக்கும், ஊர் வரலாறு குறைவாகத்தான் இருக்கும். அதற்கு எழும்பூர் கன்னிமாரா போக வேண்டும். 1896-இல் திறந்த அந்த நூலகத்துக்கு, இந்தியாவில் வெளியாகும் நூல்களில் ஒரு பிரதி சேர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல்தொகுப்பும் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

மின்னூலகத்தில் தேடி எதுவும் கிடைக்கவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் எழுத்துக்கூட்டலில் இருக்கும். தமிழறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான திரு.வி.க.வை எடுத்துக்கொள்ளுங்கள். திரு.வி.க. என்று தேடினால் கிடைக்காத நூல் கலியாணசுந்தரனார் என்றால் கிடைக்கும், அதுவும் இல்லையென்றால் கலியாணசுந்தர முதலியார். "வடசென்னை", "வட சென்னை", "சென்னப்பட்டணம்" மூன்றையும் தட்டிப் பாருங்கள்.

பழைய புத்தகம் வாங்குவதானால், மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அங்கிருந்த கடைகள் போய்ச் சேர்ந்த லில்லி பாண்ட் வளாகம் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். புத்தகம் பாரம் பாரமாக, அதாவது பல பக்கங்கள் ஒரே பெரிய தாளில் சேர்ந்து, அச்சாகி மடிக்கப்படுகிறது, ஒரு பாரத்துக்குப் பொதுவாக 16 பக்கம். பக்கம் தொலைந்தாலும் மாறித் தைக்கப்பட்டாலும் அது பெரும்பாலும் பாரத்தின் எல்லையில்தான் நடக்கும். 16-க்குப் பின் 17, 32-க்குப் பின் 33, 48-க்குப் பின் 49 என்று புரட்டிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை பைண்டு கிடைத்தால், ஒவ்வோர் அத்தியாயத்தின் எண்ணையும் வரிசையாகப் பாருங்கள். ஒரு வாரம் விட்டுப்போயிருப்பது சகஜம். பைண்டுக்காரர் ஓரத்தை அதிகம் வெட்டியிருந்தால் கடைசி எழுத்துகள் போயிருக்கும், உள்பக்கம் இறுக்கித் தைத்திருந்தால் வரியின் தொடக்கம் மடிப்புக்குள் மறைந்திருக்கும். நடுப்பக்கம் ஒன்றை விரித்து முழு வரியும் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

மூன்றாம் படி: பக்கக் கணக்கு

200 பக்க நாவலை நாளுக்கு 25 பக்கமாக 8 நாளில் முடிக்கலாம். ஊர் வரலாற்றை முழுதாகப் படிக்க வேண்டாம். உங்கள் பிடிமானத்தைத் தொடும் அத்தியாயங்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 80 பக்கம், நாளுக்கு 10 வீதம் இன்னொரு 8 நாள். வாழ்க்கை வரலாறு 300 பக்கம் என்றால் நாளுக்கு 15 வீதம் 20 நாள். மொத்தம் 36 நாள்.

வரிசையை மாற்றாதீர்கள். தொடக்கத்திலேயே தடித்த வாழ்க்கை வரலாற்றை எடுத்தவர்கள் பலர் 40-ஆம் பக்கத்தில், தாத்தாவின் சொந்த ஊரும் குலமரபும் முடிவதற்குள் மூடி வைத்துவிடுகிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டால் அந்த மனிதர் சென்னைக்கு வந்து சேரும் அத்தியாயத்துக்குத் தாவுங்கள். குழந்தைப் பருவத்தைக் கடைசியில் படித்துக்கொள்ளலாம். அப்போது அது சுவையாகவும் இருக்கும்.

எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ ஏறிக் கடற்கரை வரை மின்ரயிலில் வேலைக்குப் போகிறவர் நாவலை வண்டிக்கு வைத்துக்கொள்ளலாம். வரலாற்றை வண்டியில் படிக்காதீர்கள். அதற்கு நோட்டும் பேனாவும் வேண்டும், நின்றுகொண்டு எழுத முடியாது.

நான்காம் படி: நோட்டு

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று. இடப்பக்கத்தில் நான்கு கட்டம்: ஆண்டு, இடம், ஆள், புத்தகத்தின் பக்க எண். வலப்பக்கத்தில் சந்தேகம் மட்டும். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம். நிறையப் பேர் சுருக்கம் எழுத ஆரம்பித்து, அது சுமையாகி, வாசிப்பையே விட்டிருக்கிறார்கள். பக்க எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். தமிழ் நூல்கள் பலவற்றில் கடைசியில் சொல்லடைவு, அதாவது எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல், இருக்காது. உங்கள் நோட்டுதான் அதன் சொல்லடைவு.

இடம் என்ற கட்டத்தில் பழைய பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதுங்கள். முத்தியால்பேட்டையும் பெத்துநாயக்கன்பேட்டையும் பழைய கறுப்பர் பட்டணத்தின் இரு பகுதிகள், இன்றைய ஜார்ஜ் டவுன். பிராட்வே இப்போது பிரகாசம் சாலை. வடக்குக் கடற்கரைச் சாலை இப்போது ராஜாஜி சாலை. இது தெரியாமல் படிப்பவர் நாவலில் வரும் பிராட்வேயையும் செய்தித்தாளில் வரும் பிரகாசம் சாலையையும் இரண்டு தெருவாக நினைத்துக்கொள்வார்.

ஆண்டுக் கட்டத்தில் இன்னொரு தொல்லை வரும். பழைய நூல்கள் "துன்மதி வருஷம்" என்று எழுதிவிட்டுப் போய்விடும். 60 ஆண்டுச் சுழற்சியின் முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987-இல் சித்திரையில் பிறந்தது என்பதை நோட்டின் அட்டையில் எழுதி வையுங்கள். துன்மதி 55-ஆவது. 1867-ஓடு 54 கூட்டினால் 1921. ஆண்டு சித்திரையில் பிறப்பதால், தை, மாசி மாதச் செய்தியாக இருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். கூலிக் கணக்கு படிக்கும்போது 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. நயா பைசா வந்தது 1957-இல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, ளை, னை, ணை போன்றவை கொம்பு வளைந்து வேறு உருவத்தில் இருக்கும். முதல் பத்துப் பக்கம் தடுக்கும், பிறகு கண் பழகிவிடும்.

ஐந்தாம் படி: மோதவிடுங்கள்

இந்த முறையின் பலன் முழுக்க இங்கேதான் இருக்கிறது. 1921-க்கு வருவோம்.

சங்கத்தின் பக்கத்திலிருந்து எழுதிய வரலாற்றைத் திறந்தால், 1918 ஏப்ரலில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு, உயிர்ப்பலி என்று வரிசையாக வரும். திரு.வி.க. (1883–1953) தானே எழுதிய வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த நாட்களின் தவிப்பு அவர் குரலிலேயே இருக்கிறது. ஆதிதிராவிடர் வரலாற்றைப் பேசும் நூலைத் திறந்தால் இதே மாதங்கள் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளாக வரும். வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளர் யார், ஏன் சேரவில்லை, கலவரத்தில் வீடிழந்தது யார் என்ற கேள்விகள் மேலே வரும். அந்த மக்களுக்காகப் பேசிய எம்.சி. ராஜாவும் (1883–1943) திரு.வி.க. பிறந்த அதே ஆண்டில் பிறந்தவர். ஒரே வயது, ஒரே நகரம், ஒரே கோடைக்காலம்.

நோட்டின் வலப்பக்கத்தில் இரண்டு நூலும் ஒத்துப்போவதை முதலில் எழுதுங்கள்: ஆண்டு, ஆலை, கலவரம் நடந்த இடம். அதன் கீழே ஒரு நூலில் இருந்து மற்றொன்றில் இல்லாததை எழுதுங்கள். இல்லாமல் போனது எது என்பதைப் பார்த்தால்தான் நூலாசிரியர் எங்கே நின்று எழுதினார் என்று புரியும். யார் சொல்வது சரி என்று அன்றைக்கே தீர்ப்பு எழுத வேண்டாம்.

மோதல் சில இடங்களில் நேராகவே தீர்ந்துவிடும். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவைத் "தொண்டியார்" என்றார்கள், அதனால் தண்டையார்பேட்டை என்று பெயர் வந்தது என்பது பலமுறை அச்சான பெயர்க்காரணம். அவர் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிறந்தவர். 1693-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் எழும்பூர், புரசைவாக்கத்தோடு இந்த ஊரும் இருக்கிறது. ஆண்டுக் கட்டத்தை ஒழுங்காக நிரப்பியவர் இதை அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். மஸ்தானின் தர்கா மீது ஊருக்கு உள்ள பிரியத்தை அந்தக் கதையில் பாருங்கள், ஊர்ப் பெயரின் வயதை அதில் தேடாதீர்கள்.

வாழ்க்கை வரலாற்றிலும் இதே சோதனை. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அதே செப்டம்பரில் அவர் சூரிச்சில் இந்திய ஆதரவுக் குழுவுக்குத் தலைவராக இருந்ததையும் வரலாறு சொல்கிறது. ஒரே மாதம், இரண்டு இடம். இப்படி வந்தால் எந்த நூல் ஆவணம் காட்டுகிறது என்று பாருங்கள். காட்டாத நூலில் வந்த செய்தியை நோட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். மணிவிழா மலர், நினைவு மலர் போன்றவற்றில் வரும் ஆண்டுகளும் பென்சிலில்தான். அவற்றின் புகைப்படங்களும் விளம்பரங்களும் தரும் சேதி வேறு எங்கும் கிடைக்காது என்பதால் ஒதுக்கவும் கூடாது.

ஆறாம் படி: ஒரு நடை

சுற்று முடியும் ஞாயிறு காலை, புத்தகத்தில் வந்த ஓர் இடத்துக்குப் போய் வாருங்கள். எம்டன் படித்தவர் உயர்நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் குண்டு விழுந்ததைக் குறிக்கும் கல்லைப் பார்க்கலாம். 1921 படித்தவர் பெரம்பூர் ஆலைப் பக்கத்திலிருந்து புளியந்தோப்புக்கு நடந்து பார்க்கலாம். நூலில் தனித்தனி அத்தியாயமாக இருந்த இரண்டு இடமும் எவ்வளவு நெருக்கம் என்பது காலுக்குத் தெரியும். அங்கே நிற்கும்போது தோன்றும் கேள்வியையும் வலப்பக்கத்தில் சேருங்கள்.

வீடு திரும்பியதும் வலப்பக்கங்களை மட்டும் புரட்டி, மூன்று தடவைக்கு மேல் வந்திருக்கும் பெயர் எது என்று எண்ணுங்கள். அடுத்த சுற்றுக்கான பிடிமானம் அதுதான். நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அந்தப் பெயரை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.