பழைய காரில் ஸ்டீயரிங் கனமாகி முனகுகிறதா? பம்பை மாற்றும் முன் இதையெல்லாம் பாருங்கள்

பார்க்கிங்கில் வண்டியை ஒடிக்கும்போது ஸ்டீயரிங் கையோடு மல்லுக்கட்டுகிறது, கூடவே பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு முனகல். இப்படி ஒரு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் பதில், "பம்ப் போச்சு சார்". போயிருக்கலாம்தான். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆயில் அழுத்தம் கொடுக்கும், பெரிய செலவு வைக்கும் அந்த பம்பைக் கடைசியில்தான் சந்தேகப்பட வேண்டும். ஆயில், பம்பைச் சுழற்றும் பெல்ட், ஆயில் போகும் ஹோஸ் மூன்றையும் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். பானெட்டைத் திறந்தால் ஸ்டீயரிங் படம் போட்ட மூடியுடன் ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கிறதா? அப்படியானால் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக். அப்படி எதுவுமே இல்லை என்றால் பெரும்பாலும் எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அதில் ஆயிலும் இல்லை, பெல்ட்டும் இல்லை. பேட்டரி வோல்டேஜ், ஃபியூஸ், டாஷ்போர்டில் எரியும் ஸ்டீயரிங் விளக்கு என்று அதன் வழி வேறு. இங்கே பார்க்கப்போவது ஹைட்ராலிக்கை மட்டும்.

1. டயரில் காற்று

சிரிக்காதீர்கள். முன் டயர்களில் காற்று குறைந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்பிவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். கனம் மட்டும் இருந்து சத்தமே இல்லை என்றால், பலமுறை கதை இங்கேயே முடிந்துவிடும்.

2. சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

ஒருவரை உள்ளே உட்காரவைத்து, வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் பானெட் பக்கம் நில்லுங்கள். சட்டை நுனி, துப்பட்டா எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது.

'கீச்ச்' என்று கூர்மையாக, அதுவும் முழுசாக ஒடிக்கும்போது கத்தினால் பெல்ட் வழுக்குகிறது. 'உய்ய்ங்' என்ற முனகல் வந்து, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதுவும் ஏறினால் பம்புக்கு ஆயில் பற்றவில்லை, அல்லது ஆயிலில் காற்று கலந்திருக்கிறது. 'டக்', 'கடக்' என்று தட்டினால் அது ஆயில் விவகாரமே இல்லை. சக்கரத்தைத் தாங்கும், திருப்பும் பாகங்களான ஸ்ட்ரட் மவுண்ட், பால் ஜாயின்ட், டை ராட் பக்கம் போங்கள். கடைசிவரை ஒடித்துப் பிடித்திருக்கும்போது மட்டும் வரும் லேசான 'ஸ்ஸ்' சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம்.

3. ஆயில்

இன்ஜினை அணைத்துவிட்டு அளவைப் பாருங்கள். டப்பாவில் 'மேக்ஸ்' (MAX), 'மின்' (MIN) என்று கோடுகள் இருக்கும். சிலவற்றில் சூடான நிலைக்கு ஒன்று, குளிர்ந்த நிலைக்கு ஒன்று என இரண்டு அளவு. பிறகு ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவப்பு ஆயில் காபி நிறத்துக்கு வந்து கருகிய வாடை அடித்தால் மாற்ற வேண்டிய காலம் தாண்டிவிட்டது. மினுமினுப்பாக இரும்புத்தூள் தெரிந்தால் பம்பைச் சந்தேகப்படுங்கள்.

எந்த ஆயில் என்பதை மூடியிலோ மேனுவலிலோ பார்த்து வாங்குங்கள். சில வண்டிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஏடிஎஃப் (ATF) ஆயில், சிலவற்றுக்குப் பச்சை நிற சின்தடிக். நிறத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். பிரேக் ஆயிலை ஊற்றவே கூடாது, சீல்கள் ஊறிப்போய்விடும். ஒழுக்கை நிறுத்தும் என்று விற்கும் பாட்டில்களிலும் எனக்கு நம்பிக்கையில்லை. ரப்பரைக் கொஞ்சநாள் உப்பவைக்கும், அவ்வளவுதான்.

4. பெல்ட்

இன்ஜின் அணைந்த நிலையில் பெல்ட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். வெடிப்பு, கண்ணாடிபோல் பளபளப்பு, ஆயில் ஈரம் எது இருந்தாலும் மாற்றுங்கள். கீச்சல் நேரத்தில் ஓடும் பெல்ட்டில் ஸ்ப்ரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடித்துப் பார்ப்பது நல்ல சோதனை: சத்தம் கூடினால் டென்ஷன் போதவில்லை, சற்று அடங்கி மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி நேராக இல்லை.

5. காற்று எங்கே நுழைகிறது?

ஆள் தடுமாறுவது இங்கேதான். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டு உடனே டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் வெளிறி, பொடிப்பொடிக் குமிழியாக நுரைத்திருந்தால் காற்று இழுக்கிறது. கீழே ஒரு சொட்டு ஒழுக்கும் இருக்காது, அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் ஹோஸ். கிளாம்ப் தளர்ந்தாலோ, பம்ப் வாயிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்தாலோ ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்று உள்ளே போகும். அந்த ஹோஸை லேசாக வளைத்துப் பாருங்கள், நுனியில் வெடிப்பு தெரியும். புது கிளாம்ப், புது ஓ-ரிங், தேவைப்பட்டால் ஹோஸ்: இவ்வளவில் தீர்ந்த முனகல்கள் நிறைய.

பல டப்பாக்களின் அடியில் ஆயிலை வடிகட்டும் ஒரு வலை இருக்கும். அது அழுக்கால் அடைத்திருந்தாலும் பம்ப் ஆயிலுக்குத் தவித்து இதே சத்தம்தான் போடும். கழுவ முடியாத டப்பாவாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

வெளி ஒழுக்கு இருந்தால் பிரஷர் ஹோஸின் இரும்பு முனை, பம்ப் ஷாஃப்ட், சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் உறை (பூட்) ஆகியவற்றைப் பாருங்கள். பூட்டை அமுக்கினால் ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது. சூடான எக்ஸாஸ்ட் மேல் ஆயில் சொட்டினால் வண்டியை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

6. காற்றை வெளியேற்றுவது

பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியைத் திருப்பி லாக்கை மட்டும் எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை ஒரு கடைசியிலிருந்து மறு கடைசிவரை மெதுவாக 15–20 முறை சுற்றுங்கள். டப்பாவில் குமிழி வரும், அளவு இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். குமிழி நின்றபின் ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் இன்னும் சிலமுறை சுற்றுங்கள். கடைசியில் தொட்டதும் திருப்பிவிடுங்கள், அங்கேயே பிடித்து நிறுத்தினால் பம்ப் சூடாகும். நுரை அடங்கவில்லையா? அணைத்துவிட்டு அரைமணி நேரம் விட்டு, மறுபடி செய்யுங்கள்.

சக்கரம் தூக்கியிருக்கும்போதே இன்னொன்றையும் கவனித்துவிடுங்கள். இன்ஜின் ஓடாமல், சக்கரம் தரையில் படாமல் இருந்தும் ஸ்டீயரிங் இறுகினால், அல்லது ஒரே இடத்தில் சிக்கினால், கோளாறு இயந்திரப் பாகத்தில்: ஸ்டீயரிங் தண்டின் (column) ஜாயின்ட், ஸ்ட்ரட் பேரிங், ரேக் ஆகியவற்றில் ஒன்று.

எப்போது மெக்கானிக்?

ஒரு பக்கம் மட்டும் கனம் என்றால் ரேக் வால்வு, வீட்டில் ஆகாது. ஆயில், பெல்ட், காற்று எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலிங்கில் கனம், ரேஸ் கொடுத்தால் லேசு என்றால்தான் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்பு. கேஜ் போட்டு பிரஷரை அளக்கச் சொல்லுங்கள். பம்பை மாற்றுவது முடிவானால் ஆயில் போகும் லைனைக் கழுவி டப்பாவையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். பழைய பம்பின் இரும்புத்தூள் அதற்குள் தங்கியிருக்கும், புது பம்பையும் அதுவே தின்றுவிடும்.