பிரைட்டனுக்கு முதுகுப்பையோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த கோடையில், இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் ஊரின் ரயில் நிலையத் தானியங்கிக் கதவுகளுக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள், முதுகில் பெரிய பைகளோடு, லண்டன் பயணங்களுக்கான தங்களுடைய ஆய்ஸ்டர் அட்டையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை. ஊழியர் ஒருவர் வந்து அவர்களை ஓரமாக அழைத்துப் போனபோது அந்த முகங்களில் தெரிந்த குழப்பம் எனக்கு நன்றாகப் பழகியது. மாணவனாக இருந்த காலத்தில் அதே கதவுக்கு முன்னால் அதே முகத்தோடு நானும் நின்றிருக்கிறேன். அதன் பிறகு எத்தனையோ முறை அந்த ஊருக்குப் போய் வந்துவிட்டேன், நண்பர்களையும் உறவினர்களையும் அழைத்துப் போயிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நான் செய்த பிழைகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். குடை எடுத்துக்கொள்வது, கைபேசிக்கு மின்னேற்றுவது போன்றவற்றை யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

லண்டன் அட்டையைத் தொட்டுவிட்டு ரயிலேறுவது

பணத்தை ஒரே வீச்சில் பறிகொடுக்கும் பிழை இதுதான். எனக்கு இன்னும் எரிச்சல் தீராத பிழையும் இதுதான்.

லண்டனில் இரண்டு நாள் சுற்றியவருக்குக் கை தானாகவே பழகிவிடும். சுரங்க ரயிலோ பேருந்தோ, ஆய்ஸ்டர் அட்டையையோ வங்கி அட்டையையோ தொட்டால் போதும், கட்டணம் தானாகக் கழிந்துவிடும். பிளாக்ஃபிரையர்ஸ், லண்டன் பிரிட்ஜ், செயின்ட் பாங்க்ரஸ் போன்ற நிலையங்களில் பிரைட்டன் ரயிலுக்கான நடைமேடைக் கதவுகளும் அதே தொடுதலுக்குத் திறந்துகொள்கின்றன. நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று கதவு கேட்பதில்லை. ரயிலும் கேட்பதில்லை, வடக்கே பெட்ஃபர்டிலிருந்து புறப்பட்டு லண்டனின் நடுவே நுழைந்து தெற்கே கடற்கரை வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடுகிற அந்த ரயிலில், அட்டை செல்லுபடியாகும் எல்லையைத் தாண்டுகிற இடத்தில் சுவரோ கோடோ எதுவும் கிடையாது. அந்தத் தடத்தில் எல்லை கேட்விக் விமான நிலையத்தோடு முடிகிறது. அதற்கு அப்பால் திரீ பிரிட்ஜஸ், ஹேவர்ட்ஸ் ஹீத் என்று ஜன்னலுக்கு வெளியே பச்சை வயல்கள் வரத் தொடங்கும்போது, நீங்கள் சட்டத்தின் பார்வையில் டிக்கெட் இல்லாத பயணி ஆகிவிடுகிறீர்கள். தொடங்கும்போது அட்டையைத் தொட்டேனே என்கிற நியாயம் அங்கே எடுபடாது.

நான் பிடிபட்ட காலத்தில் இருந்த விதிப்படி ஒருவழிக் கட்டணத்தைப்போல இரு மடங்கு கட்டினேன். இப்போது நிலைமை கடுமையாகிவிட்டது. 2023 ஜனவரி முதல் இங்கிலாந்தில் அபராதக் கட்டணம் 100 பவுண்டு, அதோடு அந்தப் பயணத்துக்கான ஒருவழிக் கட்டணமும் சேரும். 21 நாட்களுக்குள் கட்டிவிட்டால் 100 என்பது 50 ஆகக் குறையும். குறைந்த தொகையைக் கட்டினாலும் வார நாட்களில் ஹாஸ்டல் படுக்கைக்கு ஆகும் பணம் அதில் போய்விடும். அதோடும் முடியவில்லை. லண்டனில் தொட்டுவிட்டு எங்கும் மறுபடி தொட்டு வெளியேறாததால், அந்தப் பயணம் முற்றுப்பெறாததாகக் கருதப்பட்டு அதிகபட்சக் கட்டணம் அட்டையிலிருந்து தனியே கழிக்கப்படும். ஆக, செய்யாத பயணத்துக்கு ஒரு கட்டணம், செய்த பயணத்துக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் ஓர் அபராதம். அன்றிரவு ஹாஸ்டல் படுக்கையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, மூன்று நாளுக்கென்று ஒதுக்கியிருந்த சாப்பாட்டுப் பணம் முழுவதும் அந்தக் கதவிலேயே தீர்ந்துபோயிருந்தது. என் மேல் எரிச்சல் வந்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. புறப்பட்ட நிலையத்தில் டிக்கெட் இயந்திரம் என் கைக்கு எட்டும் தூரத்தில் காலியாகவே இருந்தது.

செய்ய வேண்டியது எளிது. சுரங்க ரயிலில் நிலையத்துக்கு வருகிறவர்கள் அட்டையைத் தொட்டு வெளியேறி அந்தப் பயணத்தை முதலில் முடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பிரைட்டனுக்கென்று தனி டிக்கெட் வாங்கி, அதைக் கொண்டு மட்டுமே அடுத்த கதவைத் திறக்க வேண்டும். பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது என்றாலும் தப்பிக்க ஒரு வழி உண்டு. கேட்விக்கில் இறங்கி, அட்டையைத் தொட்டு வெளியே வந்து, அங்கிருந்து பிரைட்டனுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். கொஞ்ச நேரம் வீணாகும், ஆனால் அபராதம் இல்லை. என்னுடன் வந்த ஒரு நண்பர் இதைச் செய்ய வெட்கப்பட்டு, யாரும் சோதிக்க மாட்டார்கள் என்று நம்பி உட்கார்ந்தே வந்தார். பிரைட்டனில் இறங்குகிற எல்லோரும் அந்தக் கதவுகளைக் கடந்தே ஆக வேண்டும் என்பதை நான் எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்கவில்லை.

டிக்கெட் வாங்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. மலிவான டிக்கெட்டுகளில் சில, ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் ரயில்களுக்கு மட்டுமோ, ஒரு குறிப்பிட்ட நேரத்து ரயிலுக்கு மட்டுமோ செல்லுபடியாகும். விக்டோரியா நிலையத்திலிருந்து விமான நிலைய விரைவு ரயிலும் சாதாரண ரயிலும் ஒரே தடத்தில் அடுத்தடுத்துப் புறப்படுவதால், முதலில் கண்ணில் படுவதில் ஏறிவிடுவது இயல்பு. டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் வழித்தட வரியைப் படித்துவிட்டு ஏறுங்கள். மூன்று முதல் ஒன்பது பேர் வரை சேர்ந்து போனால், நெரிசலற்ற நேர டிக்கெட்டில் குழுச் சலுகையாக மூன்றில் ஒரு பங்கு குறையும். இதற்கு எந்த அட்டையும் முன்கூட்டி வாங்க வேண்டியதில்லை. நால்வராக வந்து நான்கு தனி டிக்கெட் வாங்குகிறவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நேரம் இருந்து பணம் இல்லாதவர்களுக்கு விக்டோரியா பேருந்து நிலையத்திலிருந்து நெடுந்தூரப் பேருந்தும் உண்டு. ரயிலைவிட இரு மடங்கு நேரம் எடுக்கும், ஆனால் கடற்கரைக்கு வெகு அருகில் பூல் வேலியில் இறக்கிவிடும்.

சனிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுப்பது

லண்டனிலிருந்து ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எட்டிவிடும் ஊர் என்பதால், பிரைட்டனின் விலைகள் லண்டன்காரர்களின் ஓய்வு நாளைப் பொறுத்தே ஏறி இறங்குகின்றன. செவ்வாய்க்கிழமை கிடைக்கும் அதே படுக்கைக்குச் சனிக்கிழமை பல மடங்கு கேட்பார்கள். திருமணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கென்று கூட்டமாக வருகிறவர்கள் பக்கத்துப் படுக்கைகளில் இருப்பார்கள் என்பதால் அந்தப் பணத்துக்குத் தூக்கமும் கிடைக்காது. மே மாதம் முழுவதும் கலைவிழா, ஆகஸ்ட் தொடக்கத்தில் பிரைடு அணிவகுப்பு. இவை நடக்கும் வார இறுதிகளில் மலிவான இடம் என்று ஒன்றே இருக்காது. விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் பல மாதங்களுக்கு முன்பே படுக்கையை உறுதி செய்துகொள்ளுங்கள். ஊரைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். இசை, மதுக்கூடங்கள், தெருக்கலைஞர்கள் என்று அந்த ஊரின் துடிப்பு புதன்கிழமையும் குறைவதில்லை.

வெறுங்காலோடு கடலுக்குப் போவது

மெரினாவின் மணலை மனத்தில் வைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றுகிறவர்கள் பத்து அடி நடப்பதற்குள் நடனமாடத் தொடங்கிவிடுவார்கள். இங்கே கரை முழுவதும் உருண்ட கூழாங்கற்கள். குதிகாலுக்குக் கீழே அவை நழுவுவதால் நடையே மாறிவிடும். கரை தண்ணீருக்குள் செங்குத்தாக இறங்குவது அதைவிட முக்கியமான செய்தி. இரண்டு மூன்று அடி வைப்பதற்குள் ஆழம் கூடிவிடும், திரும்பும் அலை காலுக்கடியிலிருந்து கற்களை இழுத்துக்கொண்டு போகும். கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கும் பகுதியில், நனைந்தாலும் கழலாத ரப்பர்க் காலணியோடு இறங்குங்கள். ஆகஸ்டிலும் தண்ணீர் குளிரத்தான் செய்யும். படுப்பதற்கு மெல்லிய துண்டு போதாது; சாய்வு நாற்காலிக்கு வாடகை கேட்பார்கள் என்பதால், ஹாஸ்டலில் விரிக்க வைத்திருக்கும் மடிப்புப் பாயையே கொண்டுபோய்விடலாம்.

கூழாங்கல்லைப் பையில் போட்டுக்கொள்வது

கூடாது. கரைப் பாதுகாப்புக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

கடலைப் பார்த்தபடி சாப்பிடுவது

கடலுக்குள் நீளும் கேளிக்கைப் பாலமான பேலஸ் பியரைச் சுற்றியுள்ள கடைகளில் மீன் வறுவலுக்குக் கொடுக்கும் விலையில் பாதி, பார்க்கும் கடலுக்கான வாடகை. அதைவிடப் பெரிய ஆபத்து மேலே வட்டமிடும் கடற்காகங்கள். எங்கள் ஊர்க் காக்கைகளைச் சமாளித்தவன் என்று பெருமை பேசிய என் சித்தப்பா மகன், பொட்டலத்தைப் பிரித்த நொடியில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த ஒன்றிடம் மீன் முழுவதையும் இழந்து, கையில் வெறும் காகிதத்தோடு நின்றான். வாங்கியதைச் சுவரோரமாக முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மலிவான சாப்பாட்டுக்குக் கடலுக்கு முதுகைக் காட்ட வேண்டும். இங்கே ஒரு பெயர்க் குழப்பம் பலரைத் தவறான தெருவுக்கு அனுப்புகிறது. 'தி லேன்ஸ்' என்பது கடலுக்கு அருகே நகைக்கடைகளும் விலையுயர்ந்த உணவகங்களும் நெருங்கிய பழைய சந்துகள். 'நார்த் லெய்ன்' என்பது அதற்கு வடக்கே, ரயில் நிலையத்தை நோக்கிப் போகும் பகுதி. பழைய துணிகள், இசைத்தட்டுகள், சைவ உணவுக் கடைகள், சின்னச் சின்ன காபிக் கடைகள் எல்லாம் அங்கேதான். 'லெய்ன்' என்பது சந்து என்று பொருள்படும் சொல் அல்ல, திறந்த வயல்வெளியைக் குறிக்கும் சசெக்ஸ் வட்டாரச் சொல். இன்னும் சற்று வடக்கே லண்டன் சாலையில் உள்ள ஓப்பன் மார்க்கெட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் பை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

உள்ளே போவதற்கே பணம் கொடுப்பது

லண்டனின் பெரிய அருங்காட்சியகங்கள் இலவசமாக இருப்பதால், பிரைட்டன் அருங்காட்சியகமும் அப்படியே இருக்கும் என்று எண்ணி வாசலில் திகைக்கிறார்கள். நகரவாசிகளுக்குத்தான் அது இலவசம். டைக் சாலையில் பறவைகளைப் பாடம் செய்து வைத்திருக்கும் பூத் அருங்காட்சியகத்துக்குக் கட்டணமில்லை. அந்த விசித்திரமான கூடத்தில் மழை நாள் ஒன்று கழிந்துவிடும்.

ராயல் பெவிலியனுக்குள் போகக் கட்டணம் கணிசமானது. பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசனுக்காக, 1815க்குப் பிறகு ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் இந்தியக் குவிமாடங்களோடு மாற்றிக் கட்டிய அரண்மனை அது. வெளித்தோற்றத்தைச் சுற்றியுள்ள தோட்டத்திலிருந்து இலவசமாகவே பார்த்துவிடலாம். நம்மவர்கள் அதன் தெற்கு வாசலைத் தவறவிடுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். முதல் உலகப் போரில், 1914 முதல் 1916 வரை, அந்த அரண்மனை காயம்பட்ட இந்திய வீரர்களின் மருத்துவமனையாக இருந்தது. அவரவர் சமயத்துக்கும் சாதி வழக்கத்துக்கும் ஏற்பத் தனித்தனியாக ஒன்பது சமையலறைகள் வைத்திருந்தார்கள். அதற்கு நன்றியாக இந்திய மக்களின் பெயரால் 1921இல் அளிக்கப்பட்ட வாசல் அது.

பிரைட்டன் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை எரியூட்டிய இடத்தில், ஊருக்கு வடக்கே பாட்சம் பக்கத்துப் புல்மேட்டின் மேல் வெள்ளைப் பளிங்கில் 'சத்ரி' என்ற நினைவு மண்டபம் நிற்கிறது. வாகனம் மண்டபம் வரைக்கும் போகாது. பேருந்திலிருந்து இறங்கி வயல்களுக்கு இடையே நடந்துதான் ஏற வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை, கடையும் இல்லை, பெரும்பாலும் ஆளும் இல்லை. அரை நாளைக் கேளிக்கைப் பாலத்தின் சூதாட்ட இயந்திரங்களுக்குக் காசு போட்டுக் கழிப்பவர்களை நான் தடுப்பதில்லை, ஆனால் அங்கேயும் ஒரு முறை போய் வரச் சொல்கிறேன்.

சுண்ணாம்புப் பாறை விளிம்பில் நின்று படமெடுப்பது

செவன் சிஸ்டர்ஸ் என்ற கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளுக்குச் சுற்றுலா வண்டி வேண்டாம், 12ஆம் எண் பேருந்து போதும். விளிம்பு அறிவிப்பில்லாமல் இடிந்து விழும். பல அடி தள்ளி நில்லுங்கள்.

ஞாயிறு மாலை கடைசி நிமிடத்தில் புறப்படுவது

நிலையத்திலிருந்து கடலுக்கு நேராக இறங்கும் குவீன்ஸ் சாலையும் வெஸ்ட் தெருவும் வரும்போது கால் மணி நேரம்தான் என்று தோன்றும். திரும்பும்போது அது ஏற்றம், முதுகில் ஈரத் துணிகளோடு பை, எதிரே கடலுக்கு இறங்கும் கூட்டம். நாற்பது நிமிடமாவது ஒதுக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்திப் பாதித் தூரத்துக்குப் பேருந்து விடுவதும் இந்தத் தடத்தில் வழக்கம். போகும் முன்பே திரும்பும் நாளின் கால அட்டவணையைப் பார்த்துவிடுங்கள். அப்படி ஒரு ஞாயிறு என்று தெரிந்தால் நான் நிலையத்துக்கு ஏறுவதே இல்லை. பூல் வேலியில் லண்டன் பேருந்துக்கு முன்பதிவு செய்துவிட்டு, புறப்படும் நேரம் வரை கற்களின் மேலேயே உட்கார்ந்திருப்பேன்.