காங்கேசன்துறைக்குப் புறப்பட அனுமதி கிடைத்த விதம்

2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான தரைவழியான ஏ-9 பாதை போரினால் மூடப்பட்டு, அங்குள்ளோருக்கான உணவு பெரும்பாலும் கடல்வழியையே நம்பியிருந்த காலத்தில், கொழும்புத் துறைமுகத்தில் அரிசியும் கோதுமை மாவும் ஏற்றி நின்ற எனது கப்பலுக்கு, யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் புறப்படும் அனுமதி வரவில்லை. கோப்பு எங்கே தடைப்பட்டது என்று எவரும் சொல்லவில்லை. துருவிக் கேட்பதும் அந்நாளில் உசிதமல்ல. சரக்குப் பட்டியலை வரிவரியாகப் பார்த்தபோது, ‘பலசரக்கு’ என்ற ஒரே வரிக்குள், வடக்குக்குக் கொண்டுசெல்ல அரசு விதித்த தொண்ணூறுகளின் தடைப்பட்டியலிலேயே இடம்பெற்றிருந்த ரோர்ச் பற்றரிகளும் அடங்கியிருந்தன. "முதலாளி, இவற்றை இறக்கினால்தான் அரிசி போகும்" என்று புறக்கோட்டை வியாபாரியிடம் சொல்லி இறக்குவித்து, ஒவ்வொரு பொருளையும் மூடை, எடை, பெறுநர் எனத் தனித்தனியே எழுதி, யாழ்ப்பாண மாவட்ட நிர்வாகத் தலைவரான அரச அதிபரின் தேவைக் கடிதத்தையும் இணைத்து, முகவரை அனுப்பாமல் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடற்படையின் சோதனை முடிந்ததும் அனுமதி கையெழுத்தானது.