அலுமாரியைப் பொருத்துவதற்கு முதல் அடி விளிம்புக்கு வார்னிஷ் பூசுங்கள்

பெட்டியில் பலகை பலகையாக வரும் மலிவான அலுமாரியோ மேசையோ வாங்கினால், பொருத்துவதற்கு முதல், தரையில் நிற்கப்போகும் விளிம்புகளுக்கும் பின்பக்கம் மூடாமல் விட்ட வெட்டு முகங்களுக்கும் இரண்டு தரம் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் பக்கப் பலகைகளுக்குக் கீழே அரை அங்குலத் தடிப்பில் றப்பர் துண்டுகள் வையுங்கள்.

இந்தப் பலகை மரச் சீவலையும் தூளையும் பசையோடு அழுத்திச் செய்தது. மினுக்கத் தாள் ஒட்டிய முகத்தில் தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம், ஆனால் அடி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், ரஸ்க் மாதிரிச் சொரசொரவென்று இருக்கும், தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் போலவே அதுவும் உறிஞ்சும். ஒருமுறை ஊதினால் வெயிலில் காய வைத்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது, ஆணிப் பிடியும் விட்டுவிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சீமெந்துத் தரை ஈரம் வாங்குவதும், போதாததற்கு நாங்கள் தினமும் தண்ணீர் விட்டுத் துடைப்பதும் உங்களுக்கே தெரியும். ஒரு சின்ன டின் வார்னிஷ் தாராளமாகக் காணும்.

பசை போட்டுப் பொருத்தும் மூட்டுகளில் மட்டும் பூசாதீர்கள், பசை ஒட்டாது. ஏற்கனவே ஊதிய பலகைக்கு இது உதவாது. கறையானையும் வார்னிஷ் தடுக்காது, அதற்குச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து அடிக்கடி பின்பக்கம் பாருங்கள். வீட்டுக்குள் வெள்ளம் ஏறுகிற இடமென்றால் இரும்பு அலுமாரிதான் சரி.